பெட்டி மேல எழுதின பேர்

— இதை எப்படிங்க தப்புன்னு போடுவீங்க? படத்துல இருக்கிறது தண்ணிக் குழாய். அப்பா ஃபாசெட்னு சொல்லியிருக்கார். ஃபாசெட்டுன்னா குழாய்தானே?

— விடைத்தாள்ல டாப்னு அச்சடிச்சிருக்கு. எழுதினது எழுதினதுதான்.

— டாக்டர், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

— நான் டாக்டர் இல்லைங்க. பேச்சுப் பயிற்சி குடுக்கிறவ. டாக்டர் மாடியில இருக்கார், அவரும் இந்தத் தாளைப் பாத்துத்தான் முடிவு பண்ணுவார். முதல்ல உக்காருங்க. நீங்க நின்னுக்கிட்டே பேசினா எனக்குக் கழுத்து வலிக்குது.

— சரி, உக்காந்துட்டேன். அப்பா எங்க?

— வராந்தாவுல. ஆயா டீ குடுத்துட்டு இருக்காங்க. அந்தக் கண்ணாடி வழியாப் பாருங்க, தெரியுறார். நாம பேசறது அவருக்குக் கேக்காது.

— கப்பைத் தானே புடிச்சுக் குடிக்கிறார்.

— ஒரு வாரமா அப்படித்தான். கோணியிருந்த வாயும் நேராயிடுச்சு. நல்ல முன்னேற்றம்.

— முன்னேற்றம்னு நீங்களே சொல்றீங்க, நாப்பது படத்துக்கு இருபத்திரெண்டுன்னும் நீங்களே போட்டு வெச்சிருக்கீங்க. முப்பது இருந்தாத்தான் வீட்டு உதவிக்கு ஆள் அனுப்புவாங்களாம். இல்லைன்னா பராமரிப்பு இல்லத்துல கொண்டு போய்ச் சேக்கணுமாம். எனக்கு ஞாயித்துக்கிழமை ஃப்ளைட். இன்னைக்கு வியாழன். இதுல நான் என்ன பண்றது, சொல்லுங்க பாப்போம்.

— அந்த விதியை நான் போடலைங்க. ஆனா அதுல ஒரு காரணம் இருக்கு. தனியா இருக்கிறவர் ஏதோ ஒண்ணுன்னா ஃபோன் பண்ணி உதவி கேக்கணும். எது உடைஞ்சுது, எது எரியுதுன்னு பேர் சொல்லத் தெரியணும். அதுக்குத்தான் வீட்டுச் சாமான் படமாக் காட்டிக் கேக்கறோம்.

— ஃபாசெட் உடைஞ்சிடுச்சுன்னு சொன்னா வர மாட்டாங்களா?

— வருவாங்க. அது என்னன்னு அவங்களுக்குப் புரிய ரெண்டு நிமிஷம் ஆகும். இவருக்கு ரெண்டாவது தடவை பக்கவாதம் வந்தா அந்த ரெண்டு நிமிஷம் பெருசு.

— நீங்க எதுக்கும் மசிய மாட்டேங்கறீங்க.

— மசியாம இருக்கத்தான் என்னை இந்த நாற்காலியில உக்கார வெச்சிருக்காங்க.

— இந்தத் தேர்வைத் தமிழ்ல வெச்சிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

— தமிழ்ல படமும் இல்ல, விடைத்தாளும் இல்ல. நானும் எழுதிக் கேட்டுப் பாத்துட்டேன். இன்னொண்ணு, உங்கப்பாவுக்குச் சாதாரணப் பேச்செல்லாம் தமிழ்லதான் வருது. வா, போ, பசிக்குது, போதும். ஆனா சாமான் பேர் மட்டும் இங்கிலீஷ்லதான் வருது. சில பேருக்கு அப்படி ஆகும். எந்த மொழியில அந்தப் பேரை அதிகமாப் புழங்கினாங்களோ அது முதல்ல திரும்பி வரும்.

— அது வேலையில வந்த பழக்கம். இருங்க, அந்தத் தாளை இப்படித் திருப்புங்க. தப்புன்னு போட்டதெல்லாம் எது எதுன்னு படிங்க.

— பதட்டப்படாதீங்க. ஒண்ணு ஒண்ணாப் போவோம். மொத்தம் பதினெட்டு. முதல் வகை, வேற பேர் சொன்னது. டாப்புக்கு ஃபாசெட். டார்ச்சுக்கு ஃப்ளாஷ்லைட். டஸ்ட்பின்னுக்கு ட்ராஷ் கேன். வார்ட்ரோபுக்கு க்ளாசெட்.

— எல்லாம் சரிதானே.

— இருங்க. குழந்தையை வெச்சுத் தள்ளற பிராமுக்கு ஸ்ட்ரோலர். தண்ணி ஊத்துற ஜக்குக்குப் பிட்சர். ஸ்பூன், கத்தி, முள்கரண்டி எல்லாம் சேத்து ஒரு படம், அதுக்கு கட்லரின்னு சொல்லணும், இவர் சில்வர்வேர்னார். துணி காயப்போடற க்ளிப்புக்குக் க்ளோத்ஸ்பின். சுவத்துல இருக்கிற ப்ளக் பாயின்ட்டுக்கு அவுட்லெட். பஞ்சுப் போர்வைக்குக் கம்ஃபர்ட்டர். இந்த வகையில பத்து.

— பத்தும் இருபத்திரெண்டும் சேந்தா முப்பத்திரெண்டு. பாஸ்.

— அவ்வளவு அவசரமாக் கூட்டாதீங்க. கையேட்டுல பதினாலாம் பக்கத்துல ஒரு சலுகை இருக்கு. நானும் கல் நெஞ்சுக்காரி இல்ல, நேத்து சாயந்திரமே எடுத்துப் பாத்தேன். வேற ஊர் இங்கிலீஷ்ல பழகினவரா இருந்தா அந்த ஊர்ப் பேருக்கும் முழு மார்க் போடலாம்.

— அப்புறம் என்ன?

— உங்கப்பா அந்த ஊர்ல எத்தனை வருஷம் இருந்தார்?

— எந்த ஊர்லயும் இருந்ததில்ல.

— போயிட்டாவது வந்திருக்காரா?

— ஏர்போர்ட் வாசல் வரைக்கும் வருவார். என்னை விடறதுக்கு. உள்ள கூட வந்ததில்ல.

— சரி, வீட்டுல எப்படிப் பேசுவார்? கரன்ட் போனா ஃப்ளாஷ்லைட் எடுத்துட்டு வான்னு சொல்வாரா? உண்மையைச் சொல்லுங்க. நான் விசாரிக்காம எழுத மாட்டேன்.

— இல்ல. டார்ச்னுதான் சொல்வார். குழாய்க்குக் குழாய்தான், இல்லைன்னா டாப். நான் லீவுல வந்து வாய் தவறி ட்ராஷ் கேன்னு சொன்னா, "துரை வந்துட்டாங்கடா"ன்னு கிண்டல் பண்ணுவார்.

— அப்ப இது அவர் வழக்கத்துல இல்லாத வார்த்தை. என் கணக்குல அது குழப்பம். மூளையில ஒரு அலமாரியைத் தொறக்கப் போய் பக்கத்து அலமாரியைத் தொறந்த மாதிரி.

— குழப்பம் இல்லைங்க. அவர் என்ன வேலை பாத்தார்னு உங்க ஃபைல்ல இருக்கா?

— "கம்பெனி வேலை, ஓய்வு"ன்னு இருக்கு.

— யார் எழுதினாங்க அதை? அவர் வீடு கட்டி அனுப்புறவர். செங்கல் வெச்சுக் கட்டறது இல்ல, பெட்டி கட்டறது. ஊரை விட்டு ஊர் போறவங்க வீட்டுச் சாமானையெல்லாம் சுத்தி, அட்டைப்பெட்டியில அடுக்கி, கப்பல்ல ஏத்தி அனுப்புற கம்பெனி. முப்பத்தோரு வருஷம். கடைசி இருபது வருஷம் அவர்தான் அங்க ஃபோர்மேன். கூட வேலை பாத்தவங்க யாரும் அவர் பேரைச் சொல்ல மாட்டாங்க. லேபிள்காரர்னுதான் கூப்பிடுவாங்க.

— ஏன்?

— பெட்டி மேல என்ன இருக்குன்னு எழுதற வேலையை வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டார். கண்ணாடிச் சாமானைக் கூட அடுத்தவங்க கையில குடுப்பார், மார்க்கர் பேனாவைக் குடுக்க மாட்டார். எல்லாம் ஒரு கீசரால வந்தது.

— வெந்நீர் போடற கீசரா?

— அதேதான். சேந்த புதுசுல ஒரு குடும்பத்தைக் கட்டி அனுப்பியிருக்கார். அவங்க குளியலறையில இருந்த வெந்நீர்ச் சாதனத்தையும் கழட்டிப் பெட்டியில வெச்சு, மேல கீசர்னு பெருசா எழுதிட்டார். இறக்கின ஊர்ல கீசர்னா என்ன தெரியுமா? பூமியைப் பொத்துக்கிட்டு பீச்சி அடிக்கிற கொதிதண்ணி. சுங்கத்துல இருந்தவங்க அந்தப் பெட்டியைத் தொடவே மாட்டேன்னுட்டாங்க. மூணு வாரம் தனியாக் கெடந்துச்சாம். அந்தக் குடும்பம் குளிர்காலத்துல மூணு வாரம் பச்சைத் தண்ணியில குளிச்சுது. இங்க முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார்.

— சிரிக்கக் கூடாது. ஆனா சிரிப்பு வருது.

— சிரிங்க, அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதுக்கப்புறம்தான் இந்த நோட்டு. பாருங்க. ஆஸ்பத்திரியில அவர் சட்டையோட சேத்து ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாங்க. ஓய்வு பெத்தும் பையிலதான் வெச்சுக்கிட்டு இருந்திருக்கார்.

— கை கழுவிட்டுத் தொடறேன். தாள் எல்லாம் அப்பளம் மாதிரி இருக்கு.

— ஒவ்வொரு பக்கத்துலயும் இடது ஓரத்துல நம்ம ஊர்ப் பேர், பென்சில்ல. பக்கத்துல மூணு வரிசை. சிவப்பு மை, நீல மை, பச்சை மை. மூணு கப்பல் ரூட். சிவப்பு ஊருக்குப் போற பெட்டின்னா சிவப்பு வரிசைப் பேர், நீல ஊருக்கு நீலம். எந்த ஊருக்குப் போகுதோ அந்த ஊர்க்காரங்க அந்தச் சாமானை என்னன்னு கூப்பிடுவாங்களோ அதைத்தான் எழுதுவார். ஒரு கட்டிலுக்குக் கூட ஒருத்தர்கிட்ட விசாரிக்காம எழுத மாட்டார்.

— "சோஃபா"வுக்கு மூணு மையிலயும் வேற வேற எழுதியிருக்கார்.

— கேக்கணுமா? நான் கல்யாணம் ஆகிப் போனப்ப என் பெட்டியெல்லாம் அவர்தான் கட்டினார். பதினாலு பெட்டி. அங்க போய் இறங்கினா ஒரு பெட்டி மேல கம்ஃபர்ட்டர்னு எழுதியிருக்கு. எனக்கு அது என்ன எழவுன்னே தெரியல. போன புதுசு, பாருங்க. ஆனா தூக்கிட்டு வந்த ஆள் ஒரு பார்வை பாத்துட்டு நேரா படுக்கை ரூம்ல கொண்டு போய் வெச்சார். தொறந்தா பஞ்சுப் போர்வை. உடனே ஃபோன் பண்ணிச் சண்டை போட்டேன். எனக்குப் புரியற மாதிரி எழுதினா கொறைஞ்சா போயிடுவீங்கன்னு கேட்டேன்.

— என்ன சொன்னார்?

— "பெட்டியில எழுதறது கட்டறவனுக்கு இல்லம்மா. உனக்கும் இல்ல. இறக்கறவனுக்கு"ன்னார். ஒவ்வொரு பெட்டியிலயும் எங்க வீட்டு விலாசத்துக்குக் கீழ மூணாவது மாடி, படிக்கட்டு குறுகல், மெதுவா ஏத்தவும்னு வேற எழுதியிருந்தார். அவர் அந்த வீட்டைப் பாத்ததே இல்ல. நான் ஃபோன்ல பொலம்பினதைக் கேட்டு எழுதினது.

— லிஃப்ட் இல்லையா?

— லிஃப்ட் எங்க இருக்கு. பத்தொன்பது வருஷமா அதே வீடு, அதே படிக்கட்டு. இப்ப சொல்லுங்க, இது குழப்பமா? இந்த வார்த்தையெல்லாம் அவர் தினமும் கையால எழுதினது. வாயால பேசல, அவ்வளவுதான்.

— கொஞ்சம் இருங்க. இதை நான் முறையாப் பாக்கணும். நோட்டுல மூணு ஊர்ப் பேர் இருக்கு. அவர் அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு கலந்து சொல்லியிருந்தா அது குழப்பம்தான், மார்க் கெடையாது. ஒரே வரிசையா இருந்தா அது பழக்கம். நான் படிக்கிறேன், நீங்க நோட்டுல எந்த மைன்னு சொல்லுங்க. டாப், ஃபாசெட்.

— பச்சை.

— ஃப்ளாஷ்லைட்.

— பச்சை.

— ட்ராஷ் கேன், க்ளாசெட்.

— பச்சை. க்ளாசெட்... இதோ, பச்சை.

— ஸ்ட்ரோலர்.

— அது சிவப்புலயும் இருக்கு, பச்சையிலயும் இருக்கு.

— ரெண்டுக்கும் பொது. சரி. பிட்சர், சில்வர்வேர், க்ளோத்ஸ்பின்.

— பச்சை, பச்சை, பச்சை.

— அவுட்லெட். கம்ஃபர்ட்டர்.

— ரெண்டும் பச்சை. பாத்தீங்களா? ஒரு தடவை கூடத் தவறல. மூளை தெளிவா இருக்கு. நான்தான் சொன்னேனே.

— மீதி எட்டுல மூணு நெஜமாவே தப்பு. சீப்புக்கு பிரஷ்னார், குடைக்கு மழைன்னார், கடிகாரத்துக்கு லேட்டுன்னார்.

— கடிகாரத்துக்கு லேட்டா? அது தப்பே இல்ல, எங்க வீட்டுக் கடிகாரம் எப்பவும் லேட்டுதான்.

— விளையாடாதீங்க. மீதி அஞ்சுக்கு வாயே தொறக்கல. தீப்பெட்டி, செடித்தொட்டி, எண்ணெய் பாட்டில், பெயின்ட் டப்பா, முட்டை. கார்டைக் காட்டினா கையால ஓரமாத் தள்ளி விடறார். முட்டைக்குக் கூடவா பேர் வராதுன்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

— இருங்க, இருங்க. அந்த அஞ்சை மறுபடி சொல்லுங்க.

— தீப்பெட்டி, செடித்தொட்டி, எண்ணெய் பாட்டில், பெயின்ட் டப்பா, முட்டை.

— கடவுளே. இது எதையும் கப்பல்ல ஏத்த மாட்டாங்க. தீப்பிடிக்கிறது, ஒழுகறது, அழுகறது, மண்ணோட இருக்கிறது எதுவும் பெட்டிக்குள்ள போகாது. சாமான் கட்ட வந்த உடனே அதையெல்லாம் முதல்ல ஓரமா ஒதுக்கிடுவார். "இது வராது, யாருக்காவது குடுத்துடுங்க"ம்பார்.

— அப்ப பேர் தெரியாம இல்ல.

— தெரியாம இல்ல. ஒதுக்கியிருக்கார். அந்த அஞ்சுக்கும் மார்க் போடணும் நீங்க.

— பேசாம இருந்ததுக்கு மார்க் போட எந்தப் பக்கத்துலயும் இடம் இல்லைங்க. ஆனா இப்ப எனக்கு ஒண்ணு ஞாபகம் வருது. இந்தத் தாளோட கீழ்ப்பக்கம் பாருங்க, என் கையெழுத்துல ஒரு குறிப்பு. "தொடங்கும்போது கேள்விக்குப் பொருந்தாத பேச்சு."

— என்ன பேசினார்?

— இதெல்லாம் உங்க வீட்டுச் சாமான்னு நெனைச்சுக்கிட்டுப் பேர் சொல்லுங்க ஐயான்னு சொல்லிக் கார்டை எடுத்தேன். எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வேன், பயம் போகறதுக்கு. இவர் என் கையைப் புடிச்சு நிறுத்திட்டு, "எங்க போகுது?"ன்னு கேட்டார். ரெண்டு தடவை கேட்டார்.

— அது அவரோட முதல் கேள்விங்க. எந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சாலும் செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி அதைத்தான் கேப்பார். சரக்கு எங்க போகுதுன்னு தெரியாம ஒரு கரண்டியைக் கூடத் தொட மாட்டார். நீங்க என்ன பதில் சொன்னீங்க?

— சும்மா பேச வைக்கலாம்னு, "உங்க சாமான்தானே, நீங்களே சொல்லுங்க"ன்னேன்.

— அவர் என்ன சொன்னார்?

— ஜன்னலைத் திரும்பிப் பாத்தார். அப்புறம் முதல் கார்டை எடுத்து ஃபாசெட்னார். நானும் குழம்பிட்டார்னு நெனைச்சு எழுதிட்டேன்.

— பாத்தீங்களா, அவர் உங்களுக்கு வேலை செஞ்சு காட்டியிருக்கார். நீங்க அதைக் குழப்பம்னு எழுதி வெச்சிருக்கீங்க. அடிங்க அந்தக் குறிப்பை.

— அடிச்சாச்சு. பத்து மார்க்கும் போட்டாச்சு. முப்பத்திரெண்டு.

— அப்பாடா. ரொம்ப நன்றிங்க. உங்களை என்னென்னவோ பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. பத்து நாளா எனக்குத் தூக்கமே இல்ல. இனிமே கவலை இல்ல. எல்லா ஏற்பாடும் பண்ணிட்டேன். காலையில சமைக்க ஒரு அம்மா. எதிர் வீட்டம்மா ரெண்டு வேளை கதவைத் தட்டிப் பாப்பாங்க. கட்டில் பக்கத்துல பெல். ஃபோன்ல என் நம்பர் ஒரே பட்டன்ல.

— உங்களுக்கு அங்க வேலை என்னங்க?

— பல் ஆஸ்பத்திரியில முன் மேசை. என் வீட்டுக்காரருக்கு பஸ் டிப்போவுல. ரெண்டு பேரும் காலையில ஏழரைக்குக் கெளம்பினா சாயந்திரம் ஆறு.

— வீட்டுல எத்தனை ரூம்?

— ரெண்டு. ஒண்ணுல தையல் மெஷினும் இஸ்திரி மேசையும் கெடக்குது. ஏன் கேக்கறீங்க?

— ஃபைல்ல எழுதத்தான். அப்பாவை அங்க கூட்டிட்டுப் போறதைப் பத்தி அவர்கிட்ட பேசினீங்களா?

— அவர் வர மாட்டார்.

— கேட்டீங்களா?

— எங்கம்மா இறந்து ஆறு வருஷம் ஆச்சு. ஒரு தடவை கூட அங்க வரட்டுமான்னு அவர் வாயிலேர்ந்து வந்ததில்ல. ஊரையே பொட்டி கட்டி அனுப்பின மனுஷன், தனக்குன்னு ஒரு சூட்கேஸ் கூட வாங்கல. வர மாட்டார்.

— நீங்க கேட்டீங்களான்னுதான் கேட்டேன்.

— ...கேக்கல.

— சரி.

— சரின்னு சொல்லி அப்படிப் பாக்காதீங்க. கேட்டு, அவர் வரேன்னு சொல்லிட்டா என்ன பண்றது? மூணு மாடி. பகல் முழுக்கப் பூட்டின வீட்டுக்குள்ள அவர் தனியா. வர மாட்டேன்னு சொல்லிட்டா அது அதை விடக் கஷ்டம். ரெண்டுக்கும் எனக்குப் பயமா இருந்துச்சு, அதான் கேக்கல. ஒத்த மகளாப் பொறந்துட்டு இப்படிப் பேசறேனேன்னு உங்களுக்குத் தோணலாம். எனக்கே தோணுது.

— எனக்கு ஒண்ணும் தோணலைங்க. எங்கம்மாவை நானும் கேக்காமத்தான் விட்டேன். இப்ப அந்த நோட்டை ஒரு நிமிஷம் குடுங்க.

— இந்தாங்க. கையெழுத்துப் போட்டீங்கன்னா நான் மாடிக்குக் கொண்டு போய்க் குடுத்துடுவேன். அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடிடுவாங்களாம்.

— போடறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. நாற்காலி, மேசை, கத்திரிக்கோல்னு அவர் சரியாச் சொன்ன இருபத்திரெண்டும் எல்லா ஊருக்கும் ஒரே பேர். ஊருக்கு ஊர் மாறற சாமான்னா இந்தப் பத்துதான். பத்துக்கும் அவருக்கு நம்ம ஊர்ப் பேர் தெரியும், சிவப்பு தெரியும், நீலம் தெரியும். ஆனா பத்து தடவையும் ஒரே மையைத்தான் எடுத்திருக்கார்.

— அதைத்தானே நானும் சொல்றேன். குழப்பமே இல்ல.

— குழப்பம் இல்லதான். பச்சை எந்த ஊர்?

— நான் இருக்கிற ஊர்.

— ம்.

— என்ன ம்? அவருக்கு அந்த ரூட்டுதான் அதிகம் போல.

— நோட்டுல சிவப்புதான் நெறைய இருக்கு. பச்சை மை கடைசியில எழுதின மாதிரி இருக்கு. சரி, அதை விடுங்க. அவரை உள்ள கூப்பிடறேன். கையெழுத்துக்கு முன்னாடி நோயாளிகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும். அதுவும் விதிதான். ஆயா, ஐயாவை அனுப்புங்க. வாங்க ஐயா. மெதுவா. இந்த நாற்காலியில உக்காருங்க.

— டீச்சர்... வணக்கம். ஏ அம்மாடி... சாப்ட்டியா?

— சாப்பிட்டேம்பா. அப்பா, நீங்க பாஸ். முப்பத்திரெண்டு. நாளைக்கே வீட்டுக்குப் போயிடலாம். காலையில சமைக்க ஆள் வருவாங்க. எதிர் வீட்டம்மா வந்து பாத்துப்பாங்க.

— எதிர் வீட்டம்மா... நல்லவங்க.

— ஆமாம்பா. பெல் கூட வாங்கியாச்சு. பழைய கட்டில்லயே படுத்துக்கலாம். சந்தோஷம்தானே? அப்பா?

— அவரை அவசரப்படுத்தாதீங்க, வார்த்தை வர நேரம் எடுக்கும். ஐயா, இந்தக் கார்டைப் பாருங்க. இது என்ன?

— ஃப்ளாஷ்... லைட்.

— இதை உங்க வீட்டுல என்னன்னு சொல்வீங்க?

— டார்ச்.

— தெரியுதா. அப்ப ஏன் ஃப்ளாஷ்லைட்னீங்க?

— நீங்க... கேட்டீங்க. உங்க சாமான்... எங்க... நீங்களே சொல்லுன்னு.

— ஆமா, கேட்டேன். நீங்க பதில் சொல்லலையேன்னு நெனைச்சேன்.

— சொன்னேன் டீச்சர். நாப்பதும்... சொன்னேன்.

— அப்பா, என்ன சொல்றீங்க? எனக்குப் புரியல. டீச்சர் கையெழுத்துப் போடட்டும், நாம வீட்டுக்குக் கெளம்பலாம்.

— வீடு... காலி, அம்மாடி.

— காலி இல்லப்பா. எல்லாச் சாமானும் அப்படியே இருக்கு. காலையிலகூட நான்தான் பெருக்கிட்டு வந்தேன்.

— இல்ல. கட்டியாச்சு. தீப்பெட்டி, செடி... எதிர் வீட்டம்மாவுக்கு. மீதி எல்லாம்... கட்டி, பேர் எழுதியாச்சு.

— பேர் எழுதியாச்சா? யாரோட சாமான்பா?

— என்னோடது.

— எங்கப்பா போகுது?

— மூணாவது மாடி. எலிவேட்டர்... இல்ல. பரவாயில்லம்மா... நான் மெதுவா ஏறிக்கிறேன்.